தறி நிற்கும்வரை

முதல் மிதியிலேயே கால் நழுவியது. அபிதகுசாம்பாள் தறிக்குழிக்குள் காலைத் துழாவி மறுபடி மிதிப்பலகையில் வைத்தாள். கயிற்றை இழுத்தாள். ஊடை நூல் சுற்றிய நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடியது. இழையை நெருக்கும் அச்சை இழுத்து அடித்தாள். சத்தம் போதவில்லை என்று தோன்றியது. எதிர் வீட்டுக்காவது கேட்க வேண்டும். அடுத்த இழையை இன்னும் ஓங்கி அடித்தாள்.

அவளுக்குப் பின்னால், கட்டிலில், அவள் புருஷன் சிவப்பிரகாசம் செத்துக் கிடந்தார்.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் தண்ணீர் கேட்டார். கிட்னி போன உடம்பு, தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும். பாட்டில் மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். "இன்னும் ஒரு மூடி" என்றார். "விடியட்டும், காப்பியா தர்றேன்" என்றாள். சரி என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பாட்டிலை உள்ளே வைத்துவிட்டு வந்து போர்வையை இழுத்துவிட்டபோது மார்பு அசையவில்லை. மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தாள். கன்னத்தை வைத்துப் பார்த்தாள். "இன்னாங்க" என்று கூப்பிட்டாள். இன்னொரு தரம் கொஞ்சம் அதட்டலாகவே கூப்பிட்டாள்.

அப்புறம் வாயைத் திறந்து கத்த வேண்டியதுதான் பாக்கி. அந்தத் தெருவில் சாவு விழுந்தால் வீட்டுப் பெண்ணின் சத்தம்தான் சேதி. அது கேட்டதும் தெருவில் இருக்கிற தறியெல்லாம் நின்றுவிடும். பிணம் தெருமுனையைத் தாண்டும்வரை யாரும் மிதியில் கால் வைக்க மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வாசலில் பெஞ்சும் பந்தலும் வந்துவிடும். தொண்டைவரை வந்த சத்தத்தைப் புடவைத் தலைப்பை வாயில் திணித்து விழுங்கினாள். ஏனென்றால் இன்று காலை ஹெப்சிபா டீச்சர் வருவதாகச் சொல்லியிருந்தார்.

மகள் சுகன்யாவுக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்த டீச்சர். இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார். கடுமையான நோயாளி இருந்து, அதனாலேயே நடுத்தெருவுக்கு வரப்போகும் குடும்பங்களுக்கு அவசர உதவி செய்ய வேலூரில் ஒரு அறக்கட்டளை இருந்தது. ஆரணிப் பக்கத்து வீடுகளைப் போய்ப் பார்த்து எழுதி அனுப்புவது டீச்சரின் பொறுப்பு. எந்த மதம் என்று கேட்க மாட்டார்கள். சுகன்யாதான் டீச்சரைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நேற்று சாயந்தரம் போன் வந்தது. "காலையில வர்றேம்மா. நேர்ல பாத்துட்டா அன்னிக்கே எழுதிடுவேன். வாடகை பாக்கிய அவங்களே நேரா கட்டிடுவாங்க." சிவப்பிரகாசம் கட்டிலில் படுத்தபடியே போனுக்குக் கும்பிடு போட்டார்.

வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் சாவியைக் கேட்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. இத்தனை மாதம் பொறுத்ததே பெரிசு. ஆனால் வெளியே போனால் தறியை என்ன செய்வது? குழித்தறியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. போகிற இடத்தில் தரையைத் தோண்ட வேண்டும். ஊரில் எல்லாரும் டைல்ஸ் போட்டுவிட்டார்கள். குழி என்றாலே கதவைச் சாத்துகிறார்கள். வீடு போனால் தறி போயிற்று, தறி போனால் சோறு போயிற்று.

பின்தெரு திலகவதிக்கு என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும். புருஷனுக்குப் புற்றுநோய். எங்கேயோ எழுதிப்போட்டு, யாரோ உதவுவதாகச் சொல்லி, வருகிற நேரத்தில் ஆள் போய்விட்டார். "பேஷன்ட்டே இல்லையேம்மா" என்று போனை வைத்துவிட்டார்களாம். திலகவதி இப்போது விடிகாலை பஸ்ஸைப் பிடித்துக் களம்பூர் ரைஸ் மில்லுக்குப் போகிறாள்.

அதனால்தான் தறியில் உட்கார்ந்தாள். வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு எந்த நெசவாளியாவது தறி போடுவானா? தறிச்சத்தம் கேட்கிறவரை இந்த வீட்டில் சாவு இல்லை. டீச்சர் வரட்டும், தூங்குகிற மனுஷனைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போகட்டும். அவர் தலை மறைந்ததும் கத்திக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள்.

செய்ய வேண்டியதை ஒன்றும் செய்யவில்லை. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டவில்லை. தலைமாட்டில் விளக்கு ஏற்றவில்லை. கண்ணை மட்டும் மூடினாள். வாய் திறந்துகொள்ளாமல் தாடைக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, கழுத்துவரை போர்த்தினாள். மின்விசிறியைப் போட்டாள். அவருக்குக் குளிர் ஆகாது, எப்போதும் நிறுத்தச் சொல்வார் என்பது தெருவுக்கே தெரியும் என்று நினைவு வந்து உடனே நிறுத்தினாள். நிறுத்தியதும் ஒரு ஈ வந்து போர்வையில் உட்கார்ந்தது.

இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளாவது சொன்ன நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறாரா இந்த மனுஷன்? கல்யாணத்துக்குப் போனால் பந்தி முடிந்திருக்கும். டயாலிசிசுக்குப் போகிற நாளில்கூட, ஆட்டோவை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு கண்ணாடியில் வகிடு எடுப்பார். "நர்சம்மா பாக்கறாங்க இல்ல?" என்று கேட்பார். இன்றைக்குப் பார்த்து அவருக்கு அவசரம். ஒரு காலைப் பொழுது, ஒரே ஒரு காலைப் பொழுது இருந்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தில் அச்சை அடித்தாள், சத்தம் நன்றாகவே கேட்டது.

தறியிலிருந்த புடவையின் ஓரத்தில் ஒரு பச்சை நூல் கட்டியிருந்தது. தறியில் உட்கார முடியாமல் போன பிறகு அவர் தானாக எடுத்துக்கொண்ட வேலை அது. ராத்திரி அவள் எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, அன்றைக்கு நெய்து முடித்த இடத்தில் அடையாளம் கட்டிவிட்டு, சாண் போட்டு அளந்து, "இவ்ளோதானா? கம்பெனி நஷ்டத்துல ஓடுதே" என்பார். நேற்றும் கட்டினார். முடிச்சுப் போட நெடுநேரம் ஆயிற்று. அந்தப் பச்சைக்கு மேலே இப்போது அரக்குச் சிவப்பு விரல்கடை அளவு ஏறியிருந்தது.

"இன்னாக்கா, இன்னிக்கு இவ்ளோ ஜல்தியா?"

நாடா பாதியில் நின்றது. எதிர் வீட்டுப் புஷ்பலதா. அவள் வாசலில் நிற்கிறேன் என்றுதான் சொல்வாள், ஆனால் பாதி ஆள் எப்போதும் வீட்டுக்குள் இருப்பாள்.

"முதலாளி அவசரப்படுத்தறாரு. கல்யாணப் பொடவ."

"அண்ணன் எப்டி இருக்காரு?"

"ராத்திரி பூரா தூங்கல. இப்பதான் கண்ண மூடனாரு."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை காதில் விழுந்தது. புஷ்பலதா ஒரு கால் உள்ளே வைத்து எட்டிப் பார்த்தாள். அபிதகுசாம்பாள் கயிற்றை இழுத்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. இழுத்து, மிதித்து, அடித்துக்கொண்டே இருந்தாள்.

"பாவம், தூங்கட்டும்" என்று குரலைத் தாழ்த்தினாள் புஷ்பலதா. "மூஞ்சி கூட இன்னிக்கு தெளிவா இருக்குதுக்கா. வலி கொறஞ்சிருக்கும்."

"ஆமா."

"டீச்சரம்மா வராங்கன்னியே? வந்தா கூப்புடு. நானும் வந்து ரெண்டு வார்த்த சொல்றேன். உன் பேஜார ஊரே பாத்துகினு இருக்குது."

அவள் போன பிறகு மூச்சு விட்டுப் பார்த்தாள். இடுப்பிலிருந்து முழங்கால்வரை நடுங்கிக்கொண்டிருந்தது. குழிக்குள் இருக்கிற கால்களை யாரும் பார்க்க முடியாது என்பது ஒரு வசதி.

அடுத்த பயம் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. தெருமுனையில் செய்யார் கம்பெனி பஸ். சுகன்யா ஷூ கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறாள். இதை நினைக்காமல் இருந்தேனா, நினைக்கப் பயந்து தள்ளிவைத்தேனா என்று அவளுக்கே விளங்கவில்லை. பெண்ணிடம் சொல்லிவிடலாம். சொன்னால் அவள் கத்துவாள். அப்பா என்றால் அவளுக்கு உயிர், வாயில் தலைப்பைத் திணித்துக்கொள்ளவெல்லாம் அவளுக்குத் தெரியாது. தெருவில் பெண்ணின் செருப்புச் சத்தம் நெருங்கிற்று. என்ன சொல்வது என்று முடிவு ஆகும் முன்னே கதவு திறந்தது.

"டீச்சர் வந்துட்டாங்களாம்மா?"

"இல்ல, வருவாங்க."

"அப்பா?"

"தூங்கறாரு. எழுப்பாத."

சுகன்யா பையைக் கழற்றிக்கொண்டே கட்டில் பக்கம் போனாள். எப்போதும் வந்ததும் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள். அபிதகுசாம்பாளின் கை கயிற்றை வெட்டி இழுத்தது. நாடா கோணலாகப் பாய்ந்து நீளவாட்டப் பாவு நூலில் சிக்கியது. சில இழைகள் அறுந்தன.

"மா! இழ அறுந்துச்சி."

தறிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அது காதிலேயே தெரியும். நீட்டிய கையை எடுத்துக்கொண்டு தறிக்கு வந்தாள். அம்மாவின் பக்கத்தில் ஒண்டி உட்கார்ந்து, அறுந்த முனைகளைத் தேடித் தேடி முடிச்சுப் போட்டாள். அவள் தலைமுடியில் கம்பெனிப் பசை வாடை அடித்தது.

"கை ஏம்மா இப்டி நடுங்குது?"

"வெறும் வயிறு."

"சாப்புட்டு உக்கார வேண்டியதுதான? டீச்சர் வந்து பாக்கும்போது நீயும் படுத்துகினா, ரெண்டு பேஷன்ட்டுன்னு எழுதிக்குவாங்க." சிரித்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு வராததைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டாள்.

எழுந்து சுவரிலிருந்த தினசரிக் காலண்டரின் தாளைக் கிழித்தாள். அது அவர் வேலை. காலையில் கிழித்து, திதி, நட்சத்திரம், ராகுகாலம் எல்லாவற்றையும் செய்தி வாசிக்கிற மாதிரி வீட்டுக்கே கேட்கும்படி படிப்பார். சுகன்யா அவர் குரலிலேயே கொஞ்சம் மெதுவாகப் படித்தாள். "இன்று சஷ்டி, காலை ஏழரை வரை. பின்பு சப்தமி. சஷ்டி அப்பவே போயிடுச்சிப்பா, நீங்க இன்னும் தூங்கினு இருக்கீங்க."

அபிதகுசாம்பாள் அடித்துக்கொண்டே இருந்தாள்.

சுகன்யா பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துத் தலையணை ஓரம் வைத்தாள். "கம்பெனில ஒரு பொண்ணுக்குப் பொறந்த நாளு. மைசூர்பாகு. எழுந்தா ஒரு சிட்டிகை குடு, முழுசா குடுத்துடாத. சக்கர ஏறும்." பிறகு உள் அறைக்குப் போய்ப் பாயை விரித்துப் படுத்துவிட்டாள். பிறந்ததிலிருந்து தறிச்சத்தத்தில் தூங்கிய பெண். அந்தச் சத்தம் இருந்தால் இடி விழுந்தாலும் எழ மாட்டாள்.

டீச்சர் வரவில்லை. வெயில் வாசற்படி ஏறியது. போன்தான் வந்தது. ஒரு கையால் கயிற்றை இழுத்தபடி மறு கையால் எடுத்தாள்.

"அபிதாம்மா, நான் படவேட்டுல மாட்டிகினேன். காலங்காத்தால ஒரு வீடு பாக்க வந்தேன். பஸ் போயிடுச்சி, அடுத்தத காணோம். கொஞ்சம் லேட்டாவும். சாருக்கு ஒண்ணும் சிரமம் இல்லயே?"

"இல்ல டீச்சர். வாங்க. எப்ப வந்தாலும் பரவால்ல, இன்னிக்கே வந்துடுங்க டீச்சர்."

"இன்னாம்மா ஒரு மாதிரி பேசற?"

"தறி சத்தத்துல அப்டி கேக்குது டீச்சர்."

போனை வைத்தபோது எறும்புகளைப் பார்த்தாள். சுவரிலிருந்து கட்டில் கால் வழியாக ஒரு வரிசை ஏறிக்கொண்டிருந்தது. இனிப்புக்குத்தான் வருகிறது. குழியிலிருந்து ஏறி வந்து பொட்டலத்தை எடுத்துத் தறிமரத்தின் மேல் வைத்தாள். வரிசை நிற்கவில்லை. போர்வை ஓரம் தொட்டு, தோள் பக்கம் திரும்பியது. கையால் துடைத்தாள். துடைக்கும்போது விரல் அவர் கழுத்தில் பட்டது. அந்தக் குளிர்ச்சி அவளுக்குத் தெரிந்த எந்தக் குளிர்ச்சியாகவும் இல்லை. பயத்தில் கத்தாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டாள். கட்டின புருஷனைப் பார்த்துப் பயப்படுகிறோமே என்று அதற்கும் சேர்த்து அழுகை வந்தது. எறும்புச் சாக்பீஸைத் தேடி எடுத்து, முட்டிபோட்டு, கட்டிலைச் சுற்றித் தரையில் கோடு இழுத்தாள்.

"மா?" உள்ளிருந்து குரல் வந்தது. "ஏம்மா நிறுத்திட்ட?"

சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினாள். கால் மிதியில் பட்டதும் அடித்தாள், மறுபடி அடித்தாள். உள்ளே பாய் சரசரத்தது. பிறகு அமைதியானது. அதற்கப்புறம் அவள் எழவில்லை. நாக்கு வறண்டது. சிறுநீர் முட்டியது. நாடாவுக்குள் ஊடை நூல் தார் தீரத் தீர மாற்றினாள். அவர் கேட்ட இன்னொரு மூடித் தண்ணீர் மட்டும் மனதில் வந்து வந்து நின்றது. கொடுத்திருக்கலாம். என்ன ஆகியிருக்கும், செத்தா போயிருப்பார்?

ஹெப்சிபா டீச்சர் வந்தபோது குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். வெள்ளைப் புடவை முதுகில் நனைந்திருந்தது. "தறிய நிறுத்தாதம்மா, உன் வேலையைக் கெடுக்கறேன்" என்றார். அபிதகுசாம்பாள் நிறுத்திவிட்டு எழுந்தாள். கால்கள் மரத்துப்போய், தறிமரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"தூங்கறாரா?"

"ஆமா டீச்சர். மருந்து குடுத்திருக்கேன். எழுப்ப வேணாம்."

"வேணாம், வேணாம்."

டீச்சர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குழியை, ஒழுகிய சுவரை, மாத்திரை டப்பாவை, காலியான அரிசி டின்னைப் பார்த்தார். கட்டிலைச் சுற்றிய சாக்பீஸ் கோட்டை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தார். அபிதகுசாம்பாள் போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டாள். முடிந்தது, இதோ முடிந்துவிட்டது, இனி அவர் கிளம்ப வேண்டியதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"நீங்க வேற சாமி கும்புடறவங்க. தப்பா நெனச்சிக்கலன்னா, சாருக்காக ஒரு ஜெபம் பண்ணட்டுமா?"

"பண்ணுங்க டீச்சர்" என்று வாய் சொல்லிவிட்டது.

ஜெபம் என்றால் தள்ளி நின்று கண்ணை மூடிக்கொள்வது என்று அவள் நினைத்தாள். கண்ணுக்குத் தெரியக்கூடியதையெல்லாம்தான் அவள் மறைத்து வைத்திருந்தாள். டீச்சர் கோட்டைத் தாண்டிக் கட்டிலருகில் முட்டிபோட்டு, நோயாளிக்கு ஜெபிக்கிற எல்லாரும் செய்வதுபோலக் கண்ணை மூடி, வலது கையை நீட்டி அவர் நெற்றியில் வைத்தார்.

"அன்பின் பரலோகத் தகப்பனே, வியாதிப் படுக்கையிலே இருக்கிற இந்தச் சகோதரனை உம்முடைய கரம் தொட்டு..."

குரல் நின்றது. கண்கள் திறக்கவில்லை, கையும் விலகவில்லை. தெருவில் யாரோ ஒருவர் தறியை அடித்துக்கொண்டிருந்தார். டீச்சரின் உதடு மட்டும் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் அசைந்தது. பிறகு குரல் வந்தது. ஆனால் அது இப்போது வேறு ஜெபமாக இருந்தது.

"இந்த வீட்டைக் கைவிடாதேயும் ஆண்டவரே. இந்தத் தாயினுடைய பயத்தை எடுத்துப்போடும். இந்தப் பிள்ளைக்குத் துணையாக இரும். ஆமென்."

டீச்சர் எழவில்லை. போர்வையின் ஓரத்தைச் சரிசெய்துவிட்டு, திரும்பாமலே கேட்டார். "எப்போ?"

"விடியறதுக்கு முன்ன."

"பொண்ணுக்கு?"

"தெரியாது. உள்ள தூங்குது." அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. டீச்சரின் காலடியில் உட்கார்ந்து, "எழுதிடுங்க டீச்சர். உயிரோட இருந்தாருன்னு எழுதிடுங்க. உங்க கால்ல விழறேன். வெள்ளிக்கிழம வெளிய போவச் சொல்லிட்டாங்க" என்றாள். எல்லாவற்றையும் கிசுகிசுப்பாகவே சொன்னாள்.

டீச்சர் அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். "அவரு போயிட்டா உதவி நின்னுடும்னு யாரும்மா சொன்னது?"

"திலகவதிக்கு..."

"அது வேற எடம்மா. நான் பாக்க வந்தது வீட்ட. ஆளு போனா வீட்டுக்கு இன்னும் கஷ்டம்தான? அவரு இல்லன்னே எழுதுவேன். கெடைக்கும்." பிடியை விடவில்லை. "காலையில போன்ல ஒரு வார்த்த சொல்லியிருந்தா... நீ தனியா..." முடிக்காமல் தறியைப் பார்த்தார். "தறி போட்டுகினா இருந்த?"

அபிதகுசாம்பாள் தலையை ஆட்டினாள். இனி அழலாம் என்று தெரிந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த சத்தத்தைத் தேடிப் பார்த்தாள். அது வரவில்லை. வாய்தான் திறந்து மூடியது.

உள் அறைக் கதவில் சுகன்யா நின்றுகொண்டிருந்தாள். "ஏம்மா தறி நின்னுச்சி?" என்று கேட்டாள். அம்மா தரையில் உட்கார்ந்திருப்பதையும் டீச்சரின் முகத்தையும் பார்த்தாள். பிறகு கட்டிலுக்கு ஓடினாள்.

தெருவுக்குச் சேதி சொன்னது அவள் சத்தம்தான். எதிர் வீட்டுத் தறி நின்றது. அதற்கடுத்த வீட்டில் நின்றது. அப்படியே ஒவ்வொன்றாகத் தெருமுனைவரை நின்றுகொண்டே போயிற்று.

வீடு நிறைந்துவிட்டது. சிவப்பிரகாசத்தின் தம்பி இளவரசன் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தான். கட்டைவிரல்களைக் கட்ட வெள்ளைத் துணி கிழித்தார்கள். கைகளை மார்பில் கோத்து வைக்கப் பார்த்தபோது மடங்கவில்லை. "அதுக்குள்ளயா வெறச்சிகிச்சி?" என்றாள் ஒருத்தி. "வியாதிக்காரன் ஒடம்பு, ஜல்தியா வெறச்சிடும்" என்றாள் இன்னொருத்தி. டீச்சர் வெளியே போய் யாரிடமோ நெடுநேரம் போனில் பேசிவிட்டு வந்தார். அவள் காதோரம் குனிந்து, "வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டேன். யாரும் உங்கள கெளப்ப மாட்டாங்க" என்றார். மற்றதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவும் மாட்டார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. வீடு போகாமல் நின்றது. ஆனால் பயம் போகவில்லை. அது இடம் மாறிப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

இளவரசன் காலண்டர் முன்னால் நின்றிருந்தான். "அண்ணி, உயிர் எப்ப போச்சி? திதி குறிக்கணும். ஏழரைக்கு முன்னன்னா சஷ்டி, அப்புறம்னா சப்தமி."

"அப்புறம்தான்" என்றாள் புஷ்பலதா மூக்கைச் சிந்திக்கொண்டே. "காலையில நான் பாத்தனே, நல்லா தூங்கினு இருந்தாரு. அக்கா தறிகூட போட்டுகினு இருந்துச்சே. வீட்ல சாவ வெச்சிகினு யாரு தறி போடுவாங்க?"

"நான் வந்தப்பகூட தூங்கினுதான் சித்தப்பா இருந்தாரு." சுகன்யா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் முடியை விரலால் வகிடு எடுத்துக்கொண்டிருந்தாள். "ஏழர தாண்டிடுச்சி. நான்தான காலண்டர் படிச்சேன், அவர் கிட்டயே படிச்சேன்."

"அப்ப சப்தமி" என்றான் இளவரசன். சட்டைப் பையில் பேனாவைத் தேடினான்.

சும்மா இருந்தால் போதும். அபிதகுசாம்பாள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஊரே அவளுக்காகச் சொல்லி முடித்துவிட்டது. பெண்ணுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம், காலம் முழுக்க.

போன வருஷம் சிவப்பிரகாசம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அவருடைய அப்பாவுக்குத் திதி. எழுந்து நிற்க முடியாமல் இருந்தவர், கட்டிலிலிருந்தே அதிகாரம் பண்ணி வடை பாயசம் வரை செய்ய வைத்தார். அடுத்த நாள் வைத்துக்கொள்ளலாமே என்று அவள் கேட்டதற்கு, "அவரு இன்னிக்குத்தான் வருவாரு. அடுப்பு எரியலன்னா பாத்துட்டுப் பட்டினியா போயிடுவாரு" என்றார். அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

சப்தமி என்று குறித்தாலும் ஒவ்வொரு வருஷமும் இந்த மனுஷன் சஷ்டியன்றுதான் வருவார். வாசலில் நிற்பார். அடுப்பு குளிர்ந்து கிடக்கும். தண்ணீர்கூட இருக்காது.

"சஷ்டி" என்றாள்.

யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. "இன்னா அண்ணி?"

"சஷ்டின்னு எழுது. விடியறதுக்கு முன்னயே போயிட்டாரு." எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் தறில உக்காந்தப்பவே அவரு இல்ல."

புஷ்பலதாவின் கை வாயைப் பொத்திக்கொண்டது. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு இளவரசன் மட்டும் மெதுவாகக் காலண்டர் தாளின் பின்பக்கம் எதையோ எழுதினான்.

அவள் சுகன்யாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. வளையல் சத்தம் கேட்டது. பெண் எழுந்திருக்கிறாள். தன்னைத் தாண்டித்தான் போகிறாள். வெளியே போய்விடுவாளோ என்று பயந்து திரும்பினாள்.

சுகன்யா தறியருகில் நின்றிருந்தாள். தறிமரத்தின் மேல் மைசூர்பாகுப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு புடவைமேல் குனிந்தாள். ஓரத்தில் அப்பா ராத்திரி கட்டிய பச்சை நூல். கட்டைவிரலை அதன்மேல் வைத்து, அவர் அளப்பதுபோலவே கையை அகல விரித்தாள். சிவப்பு அந்தச் சாணுக்கு மேலும் ஏறியிருந்தது. சுண்டுவிரல் பட்ட இடத்தில் கட்டைவிரலை வைத்து, கையை மறுபடி விரித்தாள்.